எட்டு நாள் முதல் குடம்

நேற்று தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தெரு அன்னதானத்துக்கு நாலு பிளாஸ்டிக் வாளி வாங்கிவர வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்த வாளிகளைக் கடைக்காரர் பிரித்து எடுத்தபோது குப்பென்று அந்த வாசனை வந்தது. புதுப் பிளாஸ்டிக் வாசனை. உங்களுக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், பலருக்கு அது தலைவலி. எனக்கோ அந்த வாசனை மூக்கில் ஏறினால் இருபத்துமூன்று வயசு திரும்பிவிடும். கையில் ஒரு பச்சைக் குடத்தை வைத்துக்கொண்டு, ஒருத்தரையும் தெரியாத ஒரு தெருவின் குழாயடியில் முழித்துக்கொண்டு நிற்பேன்.

"பௌர்ணமிக்காம்மா?" என்றார் கடைக்காரர். "நல்ல காரியம் பண்றீங்க. எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் நம்ம ஊர்ல ஒருத்தரும் பசியோட திரும்பறதில்ல."

வழக்கமாக இந்தப் பேச்சுக்கு நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நேற்று சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "திரும்பிப் போறவங்களுக்குத்தான் போடறோம். இங்கயே இருக்கறவங்களுக்கு இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. வாளிகளைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஆட்டோவில் வரும்போது, அவரிடம் கொட்டியதை ஒழுங்காக யாரிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் உங்களைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

அந்தப் பச்சைக் குடத்திலிருந்தே தொடங்குகிறேன். எனக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்திருந்தது. சொந்த ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம். முதல் மூன்று வாரம் தினமும் பஸ்ஸில் வந்து போனேன். காலையில் இடம் பிடித்து உட்கார்ந்தால் தூங்கி, கண்டக்டர் தட்டி எழுப்பி, இறங்கும்போது ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். அது உடம்புக்கு ஆகவில்லை. வீடு தேடினேன். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுப்பதில்லை என்றார்கள். அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்கிறேன் என்றால், அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வரும். "எந்த ஊரும்மா? என்ன ஆளுங்க?" பதில் சொன்னால் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, வீட்டில் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்பார்கள். அந்த வருஷம் திருவண்ணாமலையில் ஒரே சமயத்தில் அத்தனை வீட்டுக்கும் பெயின்ட் அடித்தார்கள்.

கடைசியில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. வீடு என்று சொன்னால் வீடு கோபித்துக்கொள்ளும். ஒரு அறை, அதைத் தடுத்து ஒரு அடுப்படி. வீட்டுக்காரர் ஆரணியில் இருந்தார். அவருக்கு யார் இருந்தாலும் சரி. அந்தத் தெரு மட்டும் சொர்க்கம் என்று நான் கதைவிடப் போவதில்லை. அங்கேயும் எல்லாக் கேள்வியும் கேட்டார்கள். இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பது உட்பட. ஆனால் கேட்பதற்கு முன்னால் வேறு ஒன்று செய்தார்கள்.

குடிவந்த மறுநாள் விடியக்காலை. தெருமுனையில் நகராட்சிக் குழாய். வரிசையாகக் குடங்கள். எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள், எத்தனை நிமிஷம் வரும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. புதுக் குடத்தை வரிசையின் கடைசியில், அடுத்த குடத்தின்மேல் இடிக்காமல், ரொம்ப மரியாதையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். முன்னால் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரணச் சண்டை இல்லை. ஒருத்தர் கூந்தல் இன்னொருத்தர் கையில் இருந்தது. கூந்தலைப் பிடித்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, புதுசா வந்த பொண்ணுதானே நீ? குடத்த எதுக்கு அங்க கொண்டு போய் வெச்ச?"

நான் தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே கிளம்பிவிட்டேன். அவர் கூந்தலை விட்டுவிட்டு ஓடிவந்து குடத்தைப் பிடுங்கி, வரிசையின் முதல் ஆளாகக் குழாய்க்கு அடியில் வைத்தார். கூந்தலை விடுவித்துக்கொண்ட பெண்மணி தன் குடத்தை நகர்த்தி இடம் கொடுத்தார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பிறகு இருவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கூந்தலைப் பிடித்தவர்தான் கஸ்தூரி அக்கா. டவுன் பஸ் டிரைவரின் மனைவி, மூன்று பிள்ளைகள், அப்போது முப்பத்தைந்து வயசு இருக்கும். அந்தத் தெருவின் வழக்கத்தை அவர்தான் சொன்னார். புதிதாக யார் குடிவந்தாலும் முதல் எட்டு நாள் அவர்கள் குடம்தான் முதலில். யார் கொண்டுவந்த சட்டம் என்று அவருக்கும் தெரியாது. காரணம் மட்டும் தெரியும். "புதுசா வந்தவங்களுக்கு டைம் தெரியாது பாரு. தெரிஞ்சிக்கறதுக்குள்ள தண்ணி நின்னு போயிடும். அப்புறம் நாளெல்லாம் இன்னா பண்ணுவாங்க?" அவ்வளவுதான். அதில் தர்மம், புண்ணியம், பெருந்தன்மை ஒன்றும் இல்லை. குழம்பில் உப்பு எப்போது போடுவது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அந்த எட்டு நாளில் எனக்குத் தெரு மொத்தமும் தெரிந்துவிட்டது. முதல் குடம் நம்முடையது என்றால் பிடித்துவிட்டு உடனே போக முடியாது. பின்னால் நிற்கிறவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமல் கடிக்கும், எந்தக் கடையில் பருப்பில் கல் ஜாஸ்தி, எந்த வீட்டு மாமியாரிடம் ஊசிகூட இரவல் கேட்கக்கூடாது. எல்லாம் எட்டு நாளில்.

ஒன்பதாம் நாள் நடந்ததையும் சொல்லவேண்டும். நான் பழக்க தோஷத்தில் நேராகப் போய்க் குடத்தை முதலில் வைத்தேன். கஸ்தூரி அக்கா கத்திய கத்தலில் வீடுகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "ஏய்! எட்டு நாளு முடிஞ்சிபோச்சு! நீ இன்னா இன்னும் புதுப்பொண்ணா? பின்னால போய் நில்லு!" எனக்கு அழுகை வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னார், "இனிமே நீயும் சண்ட போடலாம்." அன்றைக்குச் சாயங்காலம் ஆபீசில் யாரோ, வீடு எங்கே என்று கேட்டார்கள். எங்கள் தெரு என்று சொன்னேன். அதுவரை தங்கியிருக்கிற இடம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு நாள் யாருக்கெல்லாம் கிடைத்தது என்று கணக்குப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கோலார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பாய் வீடு. அந்த அம்மாள் பிரசவத்துக்கு வந்த மகளுக்காகக் கூடுதலாக எட்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வெள்ளைக்காரர்கூட இருந்தார். ஆசிரமத்துப் பக்கம் அறை கிடைக்காமல் எங்கள் தெருவில் ஒரு மாதம் தங்கியவர். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குதான் வைத்திருந்தார். அதையும் முதலில் வைத்தோம். அவர் இது ஏதோ மலை தனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக் கைகூப்பினார். எட்டு நாளும் கைகூப்பினார். ஒன்பதாம் நாள் கஸ்தூரி அக்கா கத்தியபோது அதற்கும் கைகூப்பிவிட்டுத்தான் பின்னால் போனார்.

இப்போது அந்தக் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு போர் போட்டாயிற்று, மோட்டார் போட்டாயிற்று, குடிக்கக் கேன் தண்ணீர் வருகிறது. குழாய் இருந்த இடத்தில் கால்வாய்க்கு மூடி போட்டிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு கார் நிற்கிறது. யாரும் யாருடைய கூந்தலையும் பிடிக்கவேண்டியதில்லை என்பது நல்ல விஷயம்தான். விடியக்காலையில் தோளில் வலியோடு குடம் சுமந்தவள் நான். அந்தக் குடம் திரும்ப வரவேண்டும் என்று ஏங்குகிற ஆள் இல்லை. நான் புலம்புவது வேறு ஒன்றைப் பற்றி.

குழாய் போனபிறகு எங்கள் தெருவுக்கு அன்னதானம் வந்தது. கிரிவலக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகியதும் தெருவுக்குத் தெரு கமிட்டி முளைத்தது. எங்களுக்கும் ஒரு கமிட்டி. பௌர்ணமி சாயங்காலம் செங்கம் ரோட்டு ஓரத்தில் பந்தல் போட்டு, பெரிய அலுமினிய அண்டாவில் எலுமிச்சை சாதம், இன்னொன்றில் சாம்பார் சாதம், சுண்டல். எலுமிச்சையும் பெருங்காயமும் கலந்த அந்தச் சூட்டு வாசனை மறுநாள் ஆபீசில் கோப்புகளைப் புரட்டும்போதும் விரலில் இருக்கும். நான் தொன்னையில் சாதம் வைத்துக் கொடுக்கிற ஆள். ஒருத்தருக்கும் முகம் சுளிக்காமல் கொடுப்பேன் என்று எனக்கு அந்தக் கமிட்டியில் நல்ல பெயர். ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள், கர்நாடகாவிலிருந்து வருகிறவர்கள், வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு வருகிற பெரியவர்கள். "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டு போங்க. எந்த ஊரு?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது என் வழக்கம். கேட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

போன வருஷம் ஒரு பௌர்ணமி. வரிசையில் ஒரு பெண். இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு. நெற்றி வகிட்டில் நீளமாகக் குங்குமம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை. நாலைந்து பௌர்ணமியாகவே வந்துகொண்டிருந்த முகம். வடக்கிலிருந்து மாதாமாதம் தவறாமல் கிரிவலம் வருகிறாள் பார், என்ன பக்தி என்று நான் பக்கத்தில் நின்றவரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தொன்னையை நீட்டும்போது வழக்கம்போலக் கேட்டேன், "எந்த ஊரும்மா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையை நீட்டி, பந்தலுக்குப் பின்னால் எங்கள் தெருவைக் காட்டினாள்.

"இதே தெரு, அக்கா. மாடி."

என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. நான் முதலில் குடியிருந்த அந்த ஒற்றை அறைக்கு மேல் ஆரணிக்காரர் பிறகு கட்டிய மாடி, ஷீட் போட்ட போர்ஷன். அங்கே யாரோ குடிவந்திருப்பது எனக்குத் தெரியும். மாடியில் துணி காய்வதைப் பார்த்திருக்கிறேன். துணியைப் பார்த்தேனே தவிர, துணி காயப்போடுகிற ஆளைப் பார்க்கவில்லை. ஏழு மாதமாக அவள் என் தெருவில் இருந்திருக்கிறாள். நான் அவளுக்கு மாதம் ஒருமுறை யாத்திரைக்காரி என்று நினைத்துச் சோறு போட்டுப் போய்வா என்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும், இந்தத் தெருவில் தன்னிடம் சிரித்துப் பேசுகிற ஒரே இடம் அந்தப் பந்தல்தான் என்று வந்து நின்றிருக்கிறாள். கரண்டியை வைத்துவிட்டு எங்கேயாவது போய் நின்றுகொள்ளலாம்போல இருந்தது. ஆனால் பின்னால் வரிசை நீளமாக நின்றது. அடுத்த தொன்னையை எடுத்தேன்.

அவள் பெயர் சஸ்மிதா. ஒடிசா. கணவன் வேங்கிக்காலில் புதிதாக எழும்புகிற வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். மகளை குனி என்று கூப்பிடுவார்கள். முக்குக் கடையை அடுத்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. தெருவில் அவர்களை ஹிந்திக்காரங்க என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, எப்போதோ படித்த அரைகுறை ஹிந்தியை எடுத்துவிட்டேன். அவள் சிரித்தாள். "அக்கா, எனக்கு ஹிந்தி கம்மி. தமிள் பேசுங்க" என்றாள். குனி அதைவிட மேல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது "டீச்சர் இன்னிக்கு வரல, நாங்க சும்மாதான் இருந்தோம்" என்று சுத்தமாகத் திருவண்ணாமலைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவாள்.

இதற்குப் பிறகாவது நான் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. கூப்பிடவேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டுத் தூங்கிவிடுவேன். தெருவில் பார்த்தால் கையசைப்பேன்; அவளும் அசைப்பாள். இதே தெருவில் வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டிக்கொண்டு போனால் காபி சாப்பிடுகிறீர்களா என்று இன்றைக்கும் கூப்பிடுகிறோம், அவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்தவன் குடும்பத்துக்கு ஒரு வாய் காபி இல்லை. இதை மற்றவர்களைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுச் சமையலறை டைல்ஸ் அவன் ஒட்டியதுதான் என்பதே எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது.

மார்கழி முடிந்து தை பிறந்தபோது கமிட்டியின் பெரிய அண்டாவைக் காணவில்லை. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஷெட்டில் இருந்தது. பூட்டு இருந்தது, அண்டா இல்லை. மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். முன்பெல்லாம் ஒரு பொருள் காணாமல் போனால் எங்கே வைத்தோம் என்று தேடுவோம். இப்போது யார் எடுத்திருப்பார்கள் என்று தேடுகிறோம். யாரோ ஆரம்பித்தார்கள். "இத்தன வருஷமா போகாதது இப்ப போச்சுன்னா, இப்பதான வெளியாளுங்க வந்திருக்காங்க?" ஒருவர், வடக்கத்தி ஆட்களைப் பற்றித் தன் போனுக்கு வந்த வீடியோவைக் காட்டினார். அது எந்த ஊர், எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. பொருளாளர் தனசேகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், அதட்டிப் பேசாதவர். அவர்தான் சொன்னார்.

"யார் மேலயும் பழி போட வேணாம். வீட்டுக்காரருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடலாம். குடும்பமா இருக்கற தெரு, தெரிஞ்சவங்களுக்கு மட்டும் விடுங்கன்னு. நாகரிகமா முடிஞ்சிடும்."

அவர்களும் குடும்பமாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. தாள் சுற்றி வந்தது. முன்னால் ஆறு கையெழுத்து. ஆபீசில் முப்பது வருஷம், முன்னால் ஆறு பேர் கையெழுத்துப் போட்ட தாள் வந்தால் ஏழாவதாகப் போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுத்துத்தான் பழக்கம். போட்டேன். பேனாவில் மை சரியாக வராமல், இரண்டாவது தடவை அழுத்திவேறு போட்டேன்.

அண்டா ஒன்பது நாளில் வந்துவிட்டது. எங்கேயிருந்து என்று சொன்னால் சிரிக்காமல் கேட்க வேண்டும். அடி அண்ணாமலையில் தனசேகரின் மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்கு அவரே தூக்கி அனுப்பியிருந்தார். மறந்துவிட்டாராம். மைத்துனர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது உள்ளே பாயசம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தனசேகர் தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் நான் கேட்டேன், "அப்ப அந்த லெட்டர் சார்?"

"அது அண்டாவுக்காக எழுதலியேம்மா" என்றார் அவர். "அதுல அண்டான்னு ஒரு வார்த்த கூட இல்ல. பொதுவாத்தான எழுதினோம். குடுத்தத திரும்ப வாங்கினா நம்மளுக்கு மரியாதையா இருக்காது."

உண்மைதான். அதில் அண்டா என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவ்வளவு நாகரிகமாக எழுதியிருந்தோம்.

அடுத்த வாரம் சஸ்மிதா என் வீட்டு கேட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போன் செய்துவிட்டாராம். கணவன் வேறு இடம் பார்க்கிறானாம், எங்கேயும் கொடுக்கவில்லையாம். இதே ஜில்லாவில் சேத்துப்பட்டுப் பக்கம் வேலை இருக்கிறது, அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கலாம் என்கிறான். ஆனால் அங்கே பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை.

"அக்கா, குனிக்கு பரிட்ச இருக்கு. ஏப்ரல் வரைக்கும் போதும். நீங்க ஆபீஸ்ல பெரிய ஆளு. நீங்க சொன்னா ஓனர் கேப்பாரு."

அவளுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் வந்திருக்க மாட்டாள். ஆரணிக்காரர் நம்பர் என் போனில் இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. அண்டா கிடைத்துவிட்டது, நாங்கள் எழுதியது தப்பு, அவர்கள் இருக்கட்டும். இந்த மூன்று வாக்கியம் போதும்.

"பாக்கறேன்மா" என்றேன்.

ஆபீசில் நாங்கள் பார்க்கிறேன் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மனுக்கொடுக்க வருகிற கிராமத்துக்காரர்களுக்கும் தெரியும். சஸ்மிதாவுக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் போன் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். செய்தால் தனசேகருக்குத் தெரிந்துவிடும், கமிட்டியில் ஒரு மாதிரி பேசுவார்கள், இருக்கிற பேரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று பயந்தேன். பயந்தேன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

ஒரு வேலை நாளில் அவர்கள் போனார்கள். நான் ஆபீசில் இருந்தேன். தெரு வாட்ஸப் குழுவில் படம் வந்தது: ஒரு குட்டியானை வண்டி, அதில் ஒரு பாய் மூட்டை, ஒரு கேஸ் அடுப்பு, டைல்ஸ் வெட்டுகிற மிஷின், அதன்மேல் பள்ளிக்கூடப் பையோடு குனி. கீழே "மாடி காலி. ஒத்துழைப்புக்கு நன்றி" என்று எழுதியிருந்தது. பதினெட்டுக் கட்டைவிரல்கள். நான் கட்டைவிரல் அழுத்தவில்லை. அதையே ஒரு வீரச் செயல் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால் என் லட்சணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஸ்தூரி அக்கா இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் இரண்டு தடவை போன் செய்வார். "தெருவுல இன்னாடி விசேஷம்?" என்பார். ரோடு போட்டார்கள் என்பேன். மழை கம்மி என்பேன். மாடி வீட்டைப் பற்றி இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அந்தக் காலத்துக் கத்தல் போனிலேயே கேட்கும். கேட்கவேண்டியவள்தான் நான், ஆனால் தைரியம் இல்லை.

ஏப்ரல் போய், மே போய், ஜூனில் அந்த மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. போளூர்ப் பக்கம். நம் ஜில்லா, நம் பேச்சு. கணவனுக்குத் தனியார் கம்பெனியில் வேலை, ஒரு சின்னப் பையன். தெருவில் எல்லோருக்கும் திருப்தி. "இப்பதான் நம்ம தெரு நம்ம தெருவா இருக்கு" என்று தனசேகர் சொன்னார். அவங்க பேர் என்ன சார் என்று கேட்டேன். தெரியவில்லை. எதிர்வீட்டில் கேட்டேன். தெரியவில்லை. பக்கத்து வீட்டில், "யாருங்க, மாடியா? இன்னும் பாக்கல" என்றார்கள். இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாதவர்கள் வேண்டாம் என்று ஒரு குடும்பத்தைத் துரத்தினோமே, தெரிந்தவர்கள் என்று கொண்டுவந்து வைத்தவர்களையாவது தெரிந்துகொண்டோமா?

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை தூங்கவில்லை. முருங்கைக்கீரை போட்டு அடை வார்த்தேன். பாத்திரத்தில் எட்டு அடை, மேலே ஒரு துண்டு வெல்லம், வெண்ணெய். மூடி போட்டு எடுத்துக்கொண்டு அந்த மாடிப்படி ஏறினேன். சஸ்மிதா இருந்தவரை ஒருநாளும் ஏறாத படி. பதினாலு படிதான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். கிரில் கதவைத் திறக்கவில்லை. நான் யார், எந்த வீடு என்று சொன்னேன். சூடா இருக்கு, பையனுக்குக் குடும்மா என்றேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. சங்கடம்தான் இருந்தது.

"தப்பா நெனைச்சிக்காதீங்கம்மா. ஓனர் வீடு குடுக்கும்போதே சொன்னாரு. முன்னாடி இருந்தவங்கள தெருவே சேர்ந்து எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்களாமே. அவங்க ஒரு தப்பும் பண்ணலன்னும் சொன்னாரு. நாங்க பையன இங்க ஸ்கூல்ல சேத்திருக்கோம். யார்கிட்டயும் ஜாஸ்தி வெச்சிக்காம இருந்துட்டா வம்பு இல்லன்னு எங்க வீட்ல சொல்லிட்டாருங்க."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் அதற்குள் கேட்டுவிட்டாள்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"போட்டேன்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நேராகச் சொன்னதற்கு நன்றி சொல்வதுபோல. பிறகு கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளேயிருந்து பையன் யாரும்மா என்று கேட்டது காதில் விழுந்தது. யாருமில்லடா என்று அவள் சொன்னதும் விழுந்தது.

பாத்திரத்தோடு கீழே இறங்கினேன். சஸ்மிதாவின் நம்பர் என்னிடம் இல்லை. கேட்டு வாங்கத் தோன்றவே இல்லை. சேத்துப்பட்டில் எந்தக் கொட்டகை என்றும் தெரியாது. தெருவில் அந்த நேரத்துக்கு ஒருத்தரும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தனை வீட்டிலும் கேட் பூட்டியிருந்தது, என் வீட்டிலும்தான்.